மீட்டருக்கு ஒரு கோடி: அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு சூரியக் குடும்பம்

புதன் கோளை எறும்பு தூக்கிக்கொண்டு போய்விட்டது என்பது மூன்றாம் நாள் காலையில்தான் தெரிந்தது. வெள்ளை அட்டையில் பசை காய்ந்த தடம் இருந்தது, பக்கத்தில் அழகாக எழுதிய "புதன்" இருந்தது, ரவையைத்தான் காணோம். சுவரோரமாகப் போன எறும்பு வரிசையைப் பையன்கள் கொஞ்ச தூரம் துரத்திப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. எங்கள் மாதிரியில் நடந்த விபத்துகளில் இது சின்னது.

நெல்லைப் பக்கம் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். சூரியக் குடும்பம் பாடம் வந்தால் வருஷா வருஷம் ஒரே கதைதான். தெர்மாகோல் உருண்டை, போஸ்டர் கலர், கம்பி வளையம், நடுவில் மஞ்சள் பல்பு. கண்காட்சியில் வைத்தால் கைதட்டு கிடைக்கும், ஒன்றிரண்டு முறை பரிசும் கிடைத்தது. போன வருஷம் அதைத் துடைத்து அலமாரி மேல் வைக்கும்போது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், வியாழன் இவ்வளவு பெருசா, இவ்வளவு பக்கத்துல இருந்தா, ராத்திரி நிலா மாதிரில்லா தெரியணும்? ஏன் வெறும் நட்சத்திரமாத் தெரியுது?"

நல்ல கேள்வி. அந்த மாதிரியை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்லவே முடியாது. மாதிரியே தப்பு. அதில் பூமிக்கும் வியாழனுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. கோள்களின் பருமனைக் காட்ட ஒரு அளவு, தூரத்தைக் காட்ட இன்னொரு அளவு என்று வைத்துவிட்டு, இரண்டையும் ஒரே பலகையில் ஆணி அடித்து நிறுத்தியிருந்தோம். பாடப் படங்களும் அப்படித்தான். தாளில் வேறு வழியும் இல்லை. ஆனால் "இது அளவுக்கு வரைந்தது அல்ல" என்று நானும் ஒரு நாளும் சொன்னதில்லை.

இந்த வருஷம் தெர்மாகோலைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். முதலில் ஒரு சோதனை. ஒரு வாலிபால் எடுத்து இது பூமி என்றேன். குறுக்களவு 21 செ.மீ. நிலா பூமியில் கால் பங்குக்குச் சற்றுக் கூட என்பதால் 5.7 செ.மீ. வேண்டும், கடையில் இருந்ததிலேயே சின்ன சாத்துக்குடி ஒன்று சரியாக வந்தது. சாத்துக்குடியை ஒருவன் கையில் கொடுத்து, நிலா எங்கே இருக்கும் என்று நினைக்கிறாயோ அங்கே போய் நில் என்றேன். பந்திலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றான். அடுத்தவள் ஒரு கஜம். ஒருவன் மட்டும் துணிந்து மூன்று எட்டு வைத்தான், மற்றவர்கள் சிரித்தார்கள். நாடாவைப் பிடித்து 6 மீட்டர் 30 செ.மீ. அளந்து காட்டினேன். வகுப்பறைக் கதவைத் தாண்டி வராந்தாவில் போய் நின்றது நிலா. பூமிக்கும் நிலாவுக்கும் இருக்கிற இடைவெளியில் முப்பது பூமியை வரிசையாக அடுக்கலாம்.

இந்த ஒரு இடைவெளி சரியாக விழுந்ததும், நான் பல வருஷமாகக் கரும்பலகையில் திணறிய ஒரு விஷயம் தானாகத் தீர்ந்தது: மாதாமாதம் பௌர்ணமி வருகிறதே, மாதாமாதம் சந்திர கிரகணம் ஏன் வருவதில்லை? நிலாவின் பாதை ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது என்று சொல்லிக் கொடுப்போம். ஐந்து பாகை என்றால் பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி. ஆனால் ஆறு மீட்டர் தள்ளி அந்த ஐந்து பாகை, சாத்துக்குடியை அரை மீட்டருக்கு மேல் தூக்கிவிடுகிறது, அல்லது இறக்கிவிடுகிறது. அந்த இடத்தில் பூமியின் முழு நிழலோ 15 செ.மீ. அகலம்தான். நிலா பெரும்பாலும் நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பித்துப் போகிறது என்பதைச் சாத்துக்குடியைத் தூக்கிப் பிடித்தே காட்டிவிட்டேன்.

இதே அளவில் சூரியனையும் வைக்கலாமா என்று ஒருவன் கேட்டான். கணக்குப் போட்டோம். 23 மீட்டர் உயரத்துக்கு ஒரு உருண்டை செய்து, இரண்டரை கிலோமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சம்மதம்தான். எனக்குத்தான் சம்மதமில்லை.

அளவைச் சுருக்க உட்கார்ந்தபோதுதான் இந்த முயற்சியின் உருப்படியான கண்டுபிடிப்பு நடந்தது. இணையத்தில் கிடைத்த அட்டவணையெல்லாம் மில்லியனில் இருந்தது. 149.6 மில்லியன், 778.5 மில்லியன். அதை வகுத்து, பெருக்கி, புள்ளி நகர்த்தி, பிள்ளைகளுக்கும் எனக்கும் தலைசுற்றல். பிறகு எல்லாவற்றையும் லட்சம், கோடியில் மாற்றி எழுதினேன். பூமிக்கும் சூரியனுக்கும் 14.96 கோடி கி.மீ. வியாழனுக்கு 77.85 கோடி. சூரியனின் குறுக்களவு 13.9 லட்சம் கி.மீ. எழுதிவிட்டுப் பார்த்தால் அளவுகோல் அங்கேயே கிடக்கிறது. ஒரு சென்டிமீட்டர் என்றால் ஒரு லட்சம் கிலோமீட்டர். நூறு சென்டிமீட்டர் ஒரு மீட்டர், நூறு லட்சம் ஒரு கோடி. ஆகவே ஒரு மீட்டர் ஒரு கோடி கிலோமீட்டர். வகுத்தலே வேண்டாம். "கோடி" என்று வருகிற இடத்தில் "மீட்டர்" என்று வாசித்தால் போதும், "லட்சம்" என்பதை "சென்டிமீட்டர்" என்று வாசித்தால் போதும். ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்ற இந்த அளவைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அவர்கள் புள்ளி நகர்த்தித்தான் ஆக வேண்டும். நமக்கு எண்ணும் சொல்லே ஸ்கேல்.

ஆறாம் வகுப்புப் பையன் அட்டவணையைப் பார்த்துக் கடகடவென்று சொன்னான்: "புதன் அஞ்சே முக்கால் மீட்டர், வெள்ளி பத்தே முக்கால், பூமி பதினஞ்சு, செவ்வாய் இருபத்திரண்டே முக்கால்." எல்லாம் மைதானத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதற்கு மேல்தான் வம்பு. வியாழன் 78 மீட்டர், சனி 143, யுரேனஸ் 287, நெப்டியூன் 450. பள்ளிக்கூட காம்பவுண்டு போதாது, ஊர்த் தெரு வேண்டும்.

கோள்களுக்குப் பொருள் தேட எங்கும் போகவில்லை. சமையல்கார அக்காவிடம் சொல்லி அஞ்சறைப்பெட்டியை வாங்கி வந்தோம். இந்த அளவில் பூமி 1.27 மில்லிமீட்டர், கடுகு. வெள்ளி 1.2, அதுவும் கடுகு. யுரேனஸ், நெப்டியூன் இரண்டும் 5 மி.மீ.; மிளகு. சனி 12 மி.மீ., வியாழன் 14 மி.மீ.; சுண்டைக்காய். செவ்வாய்க்குக் கசகசா, புதனுக்கு ரவை, நிலாவுக்கு ஒரு துகள் பொடியுப்பு. தாளில் எழுதும்போது எல்லாம் கச்சிதமாக இருந்தது.

அளந்து பார்த்தபோது கச்சிதம் கலைந்தது. ஒரு கடுகை அளவுகோலில் வைத்து மில்லிமீட்டரில் தசமம் பார்க்க முடியாது. அதனால் பத்தை வரிசையாக வைத்து அளந்து பத்தால் வகுக்கச் சொன்னேன். வழவழப்பான ஸ்கேலில் கடுகு நிற்காமல் ஓடியது. இரண்டு ஸ்கேல்களை ஒட்டி வைத்து நடுவில் ஒரு வாய்க்கால் விட்டு, அதில் கடுகை உருட்டிவிட்டதும் நின்றது. 18 மி.மீ.! ஒரு கடுகு 1.8. பூமிக்கு இது மிகப் பெரிது. அக்கா பார்த்துவிட்டு, "அது பெரிய கடுகு சார், தாளிக்கச் சிறுகடுகுதான் நல்லது" என்று இன்னொரு டப்பாவைக் கொடுத்தார். பத்து சிறுகடுகு 13 மி.மீ. இதைவிடச் சரியாக எந்தக் கடையிலும் பூமி கிடைக்காது.

கசகசா ஏமாற்றிவிட்டது. பத்துக்கு 9 மி.மீ. வந்தது, செவ்வாய்க்கு 7-க்குள் இருக்க வேண்டும். ரவையை மாவுச் சல்லடையில் சலித்து, மேலே தங்கியதில் பெரிய துகளைச் செவ்வாய்க்கும் சின்னதைப் புதனுக்கும் பொறுக்கினோம். பொறுக்கியது நான் இல்லை. எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை, ஆறாம் வகுப்புக் கண்களுக்குத் தெரிந்தது.

நிலாவாக வைத்த உப்பு ஒரு மணி நேரத்தில் மறைந்தது. ஃபெவிகால் தண்ணீர் கலந்த பசை, உப்போ தண்ணீரில் கரையும். இதைப் பாடம் நடத்துகிற நானே யோசிக்காமல் போனேன். ஆற்று மணலைத் துணியில் சலித்து ஒரு மணலை ஒட்டினோம், கடுகிலிருந்து 3.8 செ.மீ. தள்ளி. புதனையும் எறும்புக்குப் பிறகு ரவையில் வைக்கவில்லை. ஜெல் பேனாவால் ஒரு புள்ளி குத்தினோம், அரை மில்லிமீட்டர் வந்தது. செவ்வாய்க்கு மட்டும் ரவையே இருக்கட்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். அட்டையைச் சுற்றி சாக்பீஸ் பூச்சிக்கொல்லியால் கோடு போட்டுக் காப்பாற்றினோம்.

சுண்டைக்காயில் நடந்தது வேறு வேடிக்கை. பறித்த அன்று வெர்னியரில் 14 மி.மீ. காட்டிய வியாழன், இரண்டு நாளில் வதங்கி 12-க்கு வந்து சனியாகிவிட்டது. சனி அதற்குள் சுருங்கி வற்றலாகியிருந்தது. களிமண்ணும் காய்ந்தால் சுருங்கும். கடைசியில் எம்-சீல் வாங்கி உருட்டினோம். அது சுருங்குவதில்லை, ஆனால் பிசைந்த கொஞ்ச நேரத்திலேயே இறுக ஆரம்பித்துவிடும், ஆற அமர அளந்துகொண்டிருக்க முடியாது. அட்டையில் 14 மி.மீ. ஓட்டை ஒன்று வெட்டி வைத்துக்கொண்டு, உருண்டை அதில் உரசிக்கொண்டு நுழைகிறதா என்று பார்த்துப் பார்த்து உருட்டியதுதான் வேலைக்கு ஆனது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிசுக்கு லேசில் போகாது.

சனியின் வளையத்துக்குப் பழைய எக்ஸ்ரே பிலிம். வெளி விட்டம் 2.7 செ.மீ., உள்ளே 1.5 செ.மீ. ஓட்டை. காம்பஸின் இரண்டு காலிலும் ஊசி மாட்டிக் கீறி எடுத்தேன். அந்த பிலிம் காகிதத்தைப் போல மெல்லியது, ஆனாலும் நம் அளவில் அதன் தடிமன் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். உண்மையான வளையம் பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்தான். எவ்வளவு மெல்லிய தாள் எடுத்தாலும் தோற்றுவிடுவோம்.

வியாழன் அட்டையில் ஒரு கூடுதல் வேலை செய்தோம். 1610-இல் கலிலியோ தொலைநோக்கியில் பார்த்த நான்கு நிலவுகளையும் வைத்தோம். 4.2 செ.மீ., 6.7, 10.7, 18.8. அதாவது அயோ, யூரோப்பா, கானிமீடு, காலிஸ்டோ. கானிமீடுக்கு வைத்த புள்ளி, புதனுக்கு வைத்த புள்ளியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு கோளைவிட ஒரு நிலவு பெரிதா என்று அங்கே சின்னதாக ஒரு பட்டிமன்றமே நடந்தது.

சூரியன்தான் அதிக நாள் பிடித்தது. 13.9 செ.மீ. உருண்டை. பம்பளிமாஸ் பழம் ஒன்று கிடைத்திருந்தால் வேலை மிச்சம், அந்தப் பருவத்தில் கிடைக்கவில்லை. பலூன்மேல் காகிதம் ஒட்டிக் கூடு செய்தோம். பலூனை ஊதி நூலால் சுற்றளவு பார்க்க வேண்டும். இங்கே இரண்டு விஷயம். ஒன்று, பலூனை அதன் முழு அளவுக்கு ஊதினால் பேரிக்காய் வடிவம் வரும். பெரிய பலூனை வாங்கி அரைகுறையாக ஊதினால்தான் உருண்டையாக நிற்கும். இரண்டு, நமக்கு வேண்டிய சுற்றளவு 43.7 செ.மீ., காகித ஓட்டின் தடிமன் அதில் கொஞ்சம் சேர்ந்துவிடும். 43-க்கு ஊதினால் கடைசியில் சரியாக வரும்.

முதல் சூரியனை அவசரத்தில் கெடுத்தேன். ஐப்பசி மழை மூட்டம். மூன்று அடுக்கு காகிதத்தை ஒரே மதியத்தில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். ராத்திரிக்குள் பலூன் காற்று இறங்கிவிட்டது, ஈரக் காகிதம் கூடவே உள்வாங்கி, காலையில் ஒரு பக்கம் சொட்டை விழுந்த சொம்பு மாதிரி தொங்கியது. இரண்டாம் முறை நாளுக்கு ஓர் அடுக்குதான். மைதா பசையைக் கொஞ்சம் தண்ணியாகக் காய்ச்சி, இரண்டு விரல் அகலத் துண்டுகளாகக் கிழித்த தாளை ஒட்டினோம். வெட்டக் கூடாது, கிழிக்க வேண்டும். கிழித்த ஓரம்தான் படிந்து ஒட்டும். ஒரு நாள் செய்தித்தாள், மறுநாள் வெள்ளை நோட்டுத்தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினால், எந்த இடம் விடுபட்டிருக்கிறது என்பது பார்த்ததும் தெரிந்துவிடும். நான்கு அடுக்கு. பூச்சி வராமல் இருக்கப் பசையில் துளி மயில்துத்தம் சேர்ப்பது பழைய பைண்டிங்காரர் பழக்கம். அது விஷம் என்பதால் பிள்ளைகள் கை வைக்கிற பசையில் சேர்க்காமல், கடைசி அடுக்கை மட்டும் நானே ஒட்டினேன். பிறகு மஞ்சள் பெயின்ட்.

தூரத்தை அளக்க 30 மீட்டர் நாடா ஒன்று கேட்டு வாங்கினோம். மைதானத்துக்கு அது போதும். தெருவில் 450 மீட்டருக்கு அதைப் பதினைந்து தடவை இழுத்துப் போடுவதற்குள் இரண்டு மாடு, ஒரு டிராக்டர், நாலு பைக் குறுக்கே வந்துவிடும். சைக்கிள் எடுத்தோம். பழைய 28 இஞ்ச் சைக்கிள், உருட்டிக்கொண்டே போவது. தரையில் சாக்பீஸ் கோடு, டயரில் ஒரு கோடு. ஐந்து சுற்று உருட்டி அளந்தால் 11 மீட்டர். ஒரு சுற்று 2.2. ஏறி ஓட்டினால் டயர் நசுங்கி இந்தக் கணக்கு மாறும், ஆகவே தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

சுற்றை எண்ணுவதற்கு ஆரக்காலில் ஒரு ரிப்பன் கட்டினோம். ரிப்பன் மேலே வரும்போதெல்லாம் கத்த வேண்டும். 117 வரை ஒழுங்காகப் போனது. எதிரே ஐஸ் வண்டி வந்தது. அதற்குப் பிறகு ஒருவன் 118 என்றான், ஒருத்தி 121 என்றாள். திரும்ப முதலிலிருந்து. இந்த முறை ஒரு பழைய ஏடிஎம் கார்டை வெட்டி ஃபோர்க்கில் கட்டி, ஒரே ஒரு ஆரத்தில் மட்டும் கனமாகத் துணி சுற்றினோம். சுற்றுக்கு ஒரு "டக்". மற்ற ஆரங்களில் படாதபடி கார்டைச் சீவி எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். காது எண்ணுகிற போது கண் எங்கே போனாலும் கணக்குத் தவறவில்லை. சனிக்கு 65 டக். நெப்டியூனுக்கு 204 டக், கூட ஒரு அரைச் சுற்று.

நடந்த அன்று சூரியனை மைதானத்தின் கடைசிச் சுவரில் ஒரு கழியில் கட்டினோம். ஒவ்வொரு கோளுக்கும் ஒரு குழு, கையில் அட்டை. ஒரு தப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடுகு கண்ணில் படவில்லையே என்று அதைச் சுற்றி முதலில் சிவப்பு வட்டம் போட்டிருந்தேன். சின்ன வகுப்புப் பிள்ளைகள் அந்த வட்டத்தையே பூமி என்று நினைத்துக்கொண்டார்கள். வட்டத்தை அழித்து அம்புக்குறி போட்டோம்.

செவ்வாய் வரை கூட்டமாகக் கலகலப்பு. 23 மீட்டரில் செவ்வாய்க் குழு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, பெட்டிக்கடை வரைக்கும் ஒன்றுமில்லை. வழியில் சிறுகோள் பட்டை வருமே, ஒரு கை மணல் தூவட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அங்கே இருப்பதில் ஆகப் பெரிய சீரிஸ், நம் அளவில் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி. பட்டை முழுக்கத் திரட்டினாலும் நிலாவின் எடையில் நூற்றில் மூன்று பங்கு அளவுதான் தேறும். சினிமாவில் விண்கலம் பாறைக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற காட்சியை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஏமாற்றமாகத்தான் நடந்தார்கள்.

பெட்டிக்கடைத் தாத்தா, "என்ன சார், ரோடு அகலப்படுத்தப் போறாவளா?" என்று கேட்டார். வியாழன் வைக்கிறோம் என்றோம். "வைங்க, வைங்க. குருபார்வை நல்லதுதான்" என்று கடைச் சுவரில் இடம் கொடுத்தார்.

எனக்கு வேண்டிய கணம் அங்கேதான் கிடைத்தது. போன வருஷம் கேள்வி கேட்ட பெண் இப்போது எட்டாம் வகுப்பு. வியாழன் குழுவில் இருந்தாள். உருண்டையைச் சுண்ணாம்புச் சுவரில் ஒட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே பூமி அட்டை வரைக்கும் ஓடினாள். 63 மீட்டர். அங்கே குந்தி, கடுகுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கடைச் சுவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்தாள். "புள்ளியாத்தான் சார் தெரியுது. இருக்குன்னு தெரிஞ்சதாலதான் தெரியுது." வானத்தில் வியாழன் பூமிக்கு ஆகப் பக்கத்தில் வரும்போது நம் கண்ணுக்கு என்ன அகலம் காட்டுமோ, அந்த எம்-சீல் உருண்டை அங்கிருந்து காட்டியதும் அதே அகலம்தான். வட்டமாகத் தெரிகிற அளவுக்குக்கூட இல்லை. நான் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

சனி ரேஷன் கடை வாசலில். யுரேனஸ் மேல்நிலைத் தொட்டியின் தூணில். நெப்டியூன் பஸ் ஸ்டாப்பில் ஒரு மிளகு. அங்கிருந்து சூரியனைக் காட்டுங்கள் என்றேன். சுவரில் ஒருவன் கழியோடு தூக்கிப் பிடித்து ஆட்டினான். இரண்டு பேர் தெரிகிறது என்றார்கள், மற்றவர்கள் அவர்களை நம்பவில்லை. இந்த மிளகு சூரியனை ஒரு தடவை சுற்றி வர ஏறக்குறைய 165 வருஷம். 1846-இல் கண்டுபிடித்த நெப்டியூன், கண்டுபிடித்த பிறகு முதல் சுற்றை முடித்தது 2011-இல்தான். புளூட்டோவையும் வைக்க வேண்டும் என்று போராட்டம். 2006-இல் அதைக் குறுங்கோள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்று சொன்னாலும் கேட்கவில்லை. சராசரி 590 மீட்டர், சுடுகாட்டுக்குத் திரும்புகிற முக்கில் வருகிறது. பெற்றோர் திட்டுவார்கள் என்று அந்தப் பக்கம் போகாமல் கையைக் காட்டினதோடு முடித்தோம்.

வரிசையாகத் தெருவில் வைத்ததில் ஒரு பொய் இருக்கிறது. கோள்கள் அப்படி ஒரே கோட்டில் அணிவகுத்து நிற்பதில்லை. அதைச் சரிசெய்ய மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் பூமியின் பாதையை மட்டும் வட்டமாகப் போட்டோம். 15 மீட்டர் கயிறு, நடுவில் ஒரு ஆள். சுற்றளவு 94 மீட்டர் வரும். 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 26 செ.மீ., ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. காலைப் பிரேயர் முடிந்ததும் ஒருவர் போய் பூமியை ஒரு சாண் நகர்த்தி வைப்பது என்று ஏற்பாடு. ஒன்பது நாள் நடந்தது. பத்தாம் நாள் மழையில் பாதை அழிந்துவிட்டது.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தது ஒளியைப் பார்த்துத்தான். நொடிக்கு மூன்று லட்சம் கி.மீ. என்றால் நம் மாதிரியில் நொடிக்கு மூன்று சென்டிமீட்டர். உலகத்திலேயே வேகமானது என்று சொல்லிக் கொடுத்தது, இங்கே எறும்போடு போட்டி போடும். ஒருத்தியை ஒளியாக நடக்கச் சொன்னேன். அவள் பாதம் 21 செ.மீ., ஆகவே ஏழு நொடிக்கு ஓர் அடி, குதிகாலை முன்விரலில் ஒட்டி வைத்து. ஒருவன் வாட்சைப் பார்த்து எண்ணினான். சூரியனிலிருந்து கடுகுக்கு 8 நிமிஷம் 19 நொடி ஆக வேண்டும். பாதி வழியில் பொறுமை இழந்து ஆறு நிமிஷத்தில் வந்துவிட்டாள். "ஒளியை முந்திட்டியே, ஐன்ஸ்டைன் கோவிச்சுக்குவார்" என்றேன். இதே நடையில் பஸ் ஸ்டாப்புக்குப் போக நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றதும், யாரும் ஒளியாக இருக்கத் தயாராக இல்லை.

அடுத்த நாள் விண்கலங்களுக்கு ஈர்க்குச்சி நட்டோம். ஆதித்யா-எல்1 எங்கே என்றால், எல்லாருமே சூரியனுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். சூரியனை ஆராயப் போனது என்று செய்தியில் கேட்டதால் அப்படி. 2023 செப்டம்பரில் கிளம்பி 2024 ஜனவரியில் தன் இடத்தைச் சேர்ந்த அது, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி இருக்கிறது. நம் கணக்கில் 15 செ.மீ. கடுகிலிருந்து ஒரு சாண்கூட இல்லை, மிச்சம் பதினாலே முக்கால் மீட்டர் அப்படியே கிடக்கிறது. சூரியனை நெருங்கிப் போனது நாசாவின் பார்க்கர் கலம். 2024 டிசம்பர் 24-இல் சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கி.மீ. வரை போனது. உருண்டையிலிருந்து 61 செ.மீ.-இல் ஒரு குச்சி. சந்திரயான்-3, கடுகுக்கும் மணலுக்கும் நடுவே அந்த நாலு சென்டிமீட்டர். 1977-இல் கிளம்பிய வாயேஜர்-1 இப்போது இரண்டரை கிலோமீட்டர் தாண்டி, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கிட்டத்தில் இருக்கும்.

அடுத்த நட்சத்திரமான பிராக்ஸிமா செண்டாரி? நாலு ஒளியாண்டுக்கு மேல். கணக்குப் போட்டால் 4,000 கி.மீ. கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரைக்கும் ரோட்டில் போகிற தூரம் ஏறக்குறைய அவ்வளவு. அங்கே இரண்டு செ.மீ.-க்கு ஒரு நெல்லிக்காய் வைக்க வேண்டும். நடுவில் வைக்கச் சொல்லும்படி பெரிதாக ஒன்றுமில்லை.

மாதிரி சரிதானா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. கடுகு இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் 14 செ.மீ. உருண்டை என்ன அகலம் தெரிகிறதோ, வானத்துச் சூரியனும் அதே அகலம்தான் தெரிய வேண்டும். சூரியனைப் பார்க்கக் கூடாது. ஆனால் நிலாவும் நம் கண்ணுக்கு ஏறத்தாழ அதே அகலம். ஆகவே ஆளுக்கு ஒரு மிளகை ஈர்க்குச்சி நுனியில் ஒட்டிக் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடி, கையை நீட்டிப் பிடித்து, பகலில் உருண்டையை மறைத்துப் பாருங்கள், பௌர்ணமி ராத்திரி நிலாவை மறைத்துப் பாருங்கள். கணக்குப்படி இரண்டையும் மிளகு மட்டுக்கு மட்டு மறைக்க வேண்டும்.

மறுநாள் பாதிப் பேர் மறையவில்லை என்றார்கள். மிளகைச் சுற்றி வெளிச்சம் வழிகிறதாம். அன்று ராத்திரி நானும் மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். உண்மைதான், வழிகிறது. வெகு நேரம் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. ராத்திரியில் கண்மணி விரிந்து ஏறக்குறைய மிளகு அகலத்துக்கு வந்துவிடுகிறது. மிளகு கண்மணியின் நடுப்பகுதிக்கு நிலாவை மறைத்தாலும், ஓரப்பகுதி எட்டிப் பார்த்துவிடுகிறது. ஒரு அட்டையில் குண்டூசியால் ஓட்டை குத்தி, கண்ணோடு ஒட்டி வைத்து அதன் வழியாகப் பார்த்தேன். மிளகின் ஓரம் பளிச்சென்று கூர்மையானது. நிலா அதற்குப் பின்னால் போய்விட்டது, மயிரிழை வெளிச்சம் மட்டும் இடது பக்கம்.

காலையில் முப்பது அட்டைத் துண்டும் ஒரு டப்பா குண்டூசியும் எடுத்துக்கொண்டு போனேன். அன்று தேய்பிறை இரண்டாம் நாள், நிலா ஏழு மணி தாண்டித்தான் வரும், ஒரு பக்கம் லேசாகக் குறைந்திருக்கும். பரவாயில்லை, அகலம் அதேதான் என்று சொல்லி அனுப்பினேன்.